குருவம்மாள் நேர்ந்த உருவம்

பங்குனி பிறந்தால் சிற்றாற்றங்கரையில் இலுப்பை பூக்கும். அந்தப் பூவைத் தின்றுவிட்டுக் கரடி தள்ளாடும் என்பார்கள். மனுஷனுக்கு வாசனையே போதும். மாமரத்தில் வடு தொங்கும், குயில் வெட்கமில்லாமல் பகலெல்லாம் கூப்பிடும், களத்தில் நெல் அடித்து முடிந்து கை சும்மா இருக்கும். அந்த ஊரில் பிறக்கிற பிள்ளைகளில் பாதி மார்கழியில் பிறக்கும். ஏன் என்று மாதக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட பங்குனியில் பலவேசம் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

பெட்ரோல் கிடைக்காமல் தென்காசி பஸ்ஸெல்லாம் கரியடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய யுத்த காலம். இலஞ்சிக்கும் தென்காசிக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில் பலவேசத்துக்குக் கொஞ்சம் நெல்வயல், ஒரு ஜோடி மாடு, குருவம்மாள் என்று ஒரு பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான். எல்லோருக்கும் இல்லாதது அவன் உடம்பு. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன் அவன் நெஞ்சை அளந்துவிட்டு, நாடாதான் தப்பு என்று மறுபடி அளந்தான். பலவேசம் ஆற்றில் முங்கிவிட்டு ஈரக் கோவணத்தோடு கரையேறினால், துவைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் துவைத்த துணியையே திரும்பத் துவைப்பார்கள். அவனுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி நடப்பான். அந்த நடிப்பும் பெண்களுக்குத் தெரியும்.

மாசியில் வந்தது வினை. சந்தையில் புதிதாகப் பிடித்த காளைக்கு லாடம் கட்டும்போது, சாய்த்துப் போட்டுக் கட்டியிருந்த கயிறு நழுவி, காளை உதைத்தது. உதை எங்கே விழுந்தது என்று யாரும் ஊருக்குச் சொல்லவில்லை; அவன் சுருண்டு விழுந்த விதத்திலேயே ஊர் தெரிந்துகொண்டது. தென்காசி டாக்டர் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குற்றாலத்து வைத்தியர் பார்த்துவிட்டு எண்ணெய் கொடுத்தார். வீக்கம் வடிந்தது, வலி போனது, நடமாட்டமும் வந்தது. மற்றது வரவில்லை.

குருவம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள், கஞ்சி ஊற்றினாள், பிள்ளைகளோடு போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் அவனுக்கு மாட்டு உதையைவிட வலித்தது. தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தான். பெண்டாட்டியின் கோபத்தைத் தாங்கிவிடலாம், பரிதாபத்தை எந்த ஆம்பளை தாங்குவான்.

ஊருக்குத் தெற்கே மருதமரத்தடியில் மாடன் நிற்கிறார். கதவு கழற்றி வைத்த மாதிரி நெஞ்சு, உரல் மாதிரி தொடை, அரிவாள் மீசை, இடுப்பில் ஒரு குட்டைச் சல்லடம். வேறு துணிமணி கிடையாது. அவருக்கு சுலோகம் தெரியாது. ஆட்டுக்கறியும் சாராயமும் சுருட்டும் தெரியும். பெரிய கோயில் சாமிகள் உடம்பைப் பட்டுக்குள்ளே ஒளித்துக்கொண்டு அருள்பாலிப்பார்கள். மாடனுக்கு உடம்புதான் அருளே. வருஷா வருஷம் பங்குனியில் அந்த உடம்புக்குப் புதுசாய்ச் செங்காவி பூசுவார்கள். பூசுகிறபோது பெண்கள் தற்செயலாக அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை உச்சியில் குருவம்மாள் அங்கே போனாள். என்ன கேட்டாள் என்பது அவளுக்கும் மாடனுக்கும் உள்ள பேச்சு. பங்குனி உத்திரம் கழிந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பலவேசம் ஆற்றில் நெடுநேரம் நீந்திவிட்டு, தலையில் இலுப்பைப்பூ ஒட்டியிருக்க வீட்டுக்கு வந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தன. அன்றைக்கு வயலில் உளுந்து பறிக்க வந்த ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவர்களாகவே பறித்துவிட்டுப் போனார்கள். பலவேசம் வரவே இல்லை.

மாடனுக்கு நேர்ந்திருக்கிறேன், சித்திரைக் கொடைத் திருவிழாவில் செலுத்திவிட வேண்டும் என்று குருவம்மாள் சொன்னபோது, அவன் இருந்த சந்தோஷத்தில் ஒரு சேவலுக்கு இரண்டு சேவலாகக் கொடு என்றான். சேவல் என்று அவள் சொல்லவே இல்லை. அதை அவன் கவனிக்கவில்லை.

கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய பிறகு ஒருநாள் காலையில் வேளார் சிவசைலம் களிமண் கையோடு வாசலில் வந்து நின்றார். ஊருக்குப் பானையும் சாமிக்கு உருவமும் செய்கிறவர். சிரித்தால் முகம் வெடித்துவிடும் என்று பயந்தவர் மாதிரி இருப்பார்.

“பலவேசம், உம்ம உருவம் காஞ்சிக்கிட்டு கெடக்கு. ஒருதரம் வந்து பாத்துட்டீர்னா சூளையில வச்சிருவேன்” என்றார்.

என்ன உருவம் என்று இவன் கேட்டான். அவர் சொன்னார். அந்தப் பெயர் ஊரில் எல்லோருக்கும் பழக்கம்தான். சண்டை வந்தால் முதலில் வாயில் வருவதே அதுதான். ஆனால் ஒரு பெரிய மனுஷன் விடிந்ததும் விடியாததுமாக, பானைக்கு மூடி என்று சொல்வது போலச் சொன்னதில் பலவேசத்துக்குக் காது அடைத்துவிட்டது.

முறை அப்படி. கண்நோய் தீர்ந்தால் மாடனுக்கு மண்ணால் இரண்டு கண். கால் முறிவு கூடினால் மண்ணால் ஒரு கால். குணமானவனே அதை வேளார் வீட்டில் வாங்கித் தலையில் வைத்து, மேளத்தோடு தெருவழியே போய் மாடன் காலடியில் இறக்க வேண்டும். மூடிக் கொண்டுபோகக் கூடாது, மூடினால் என்ன தீர்ந்தது என்று ஊருக்கும் சாமிக்கும் எப்படித் தெரியும்.

பலவேசம் வேளார் வீட்டுக் கொல்லையில் போய்ப் பார்த்தான். கண்களும் கைகளும் ஒரு பசுமாடும் காய்ந்துகொண்டிருந்த இடத்தில், எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு முழத்துக்குக் குறையாமல் அது நின்றது. அதன் நிழலில் ஒரு கோழி படுத்திருந்தது.

இது எவன் அளவு என்று கேட்டான்.

“சாமிக்குத் தூரத்துலேருந்து தெரிய வேண்டாமாவே? சுண்டுவிரல் நேந்தவனுக்கும் முழ நீளந்தான் செய்யுதேன்” என்றார் சிவசைலம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உம்ம வீட்லயும் ஒண்ணும் கொறச்சுச் சொல்லலை” என்றார்.

வீட்டுக்கு வந்து குதித்தான். சேவலோ கிடாயோ நேர்ந்தால் ஆகாதா என்றான். உதைபட்டது சேவலா என்று குருவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். இதைத் தலையில் வைத்துக்கொண்டு நான் தெருவில் போனால் சாகும்வரை எனக்கு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள் தெரியுமா என்றான். அவளுக்குத் தெரிந்திருந்தது, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செலுத்தாமல் விடவும் பயம். மாடன் கொடுக்கத் தெரிந்த மாதிரியே திருப்பி வாங்கவும் தெரிந்தவர். முன்னே ஒருத்தன் மண்பசு செலுத்துவதாக நேர்ந்து ஏய்த்தான். அவன் வீட்டுப் பசு கன்றுக்கே பால் கொடுக்காமல் வற்றிப்போயிற்று. பலவேசம் அதை நினைத்தான், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். செலுத்தினால் மானம் போகும், செலுத்தாவிட்டால் மானத்தைவிடப் பெரிசு போகும்.

கடைசியில் ஊர்த் தலைவர் குற்றாலிங்கத்திடம் போய் விழுந்தான். அறுபது வயசு, வெள்ளை மீசை, வில்வண்டி. முதலில் புரையேறச் சிரித்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்த வருஷக் கொடைக்குத் தாசில்தாரை அழைத்திருக்கிறார். யுத்த நிதிக்கு வசூல் பண்ணிக் கொடுத்ததற்கு ராவ்சாகிப் பட்டத்துக்குச் சிபாரிசு பண்ணுவார் என்று ஒரு நப்பாசை. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில் எதிரே இது வந்தால் பட்டமாவது ஒன்றாவது.

தலைவர் என்றால் சும்மாவா. ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் வழி கண்டுபிடித்தார். இரண்டும் பொட்டப் பிள்ளைகளாய்ப் போனவள் எதற்காக நேர்ந்திருப்பாள்? ஆண்வாரிசுக்குத்தான். காரணத்தைச் செலுத்தினால் என்ன, காரியத்தைச் செலுத்தினால் என்ன. மண்ணால் ஒரு ஆண்பிள்ளை வைத்தால் போதும், மாடன் ஒத்துக்கொள்வார் என்றார். பூசாரியும் தலையை ஆட்டினார். பூசாரிக்குக் கொடைச் செலவு கொடுப்பவர் தலைவர்தானே. வேளார் வந்துபோன பிறகு பலவேசம் அன்றைக்குத்தான் முதல்தடவையாக வயிறாரச் சாப்பிட்டான். பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லவில்லை.

மதியக் கொடை அன்று வேளார் வீட்டு முன்னால் ஊரே நின்றது. நையாண்டி மேளம் குதித்துக்கொண்டிருந்தது. கொன்றை பூத்துச் சரம்சரமாகத் தொங்கியது, ஆம்பளைகள் எல்லாம் குளித்துச் சந்தனம் பூசி மேலுக்குத் துணியில்லாமல் மினுமினுவென்று நின்றார்கள். சிவசைலம் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி உருவத்தைக் கொடுத்தார். பலவேசத்தின் முறை வந்தபோது குற்றாலிங்கம் முன்னால் வந்து கண்ணைக் காட்டினார். வேளார் மனசில்லாமல் ஒரு மண்பிள்ளையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். சூளையில் வெந்து சிவந்திருந்த மற்றது, சாக்கு மூடி, சுவரோரம் இருந்தது.

குருவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“இது நான் நேந்தது இல்ல” என்றாள்.

குற்றாலிங்கம் பொறுமையாகத்தான் சொன்னார். ஆண்பிள்ளை வேண்டித்தானே நேர்ந்தாய், அந்தப் பிள்ளையையே வைத்தாயிற்று, எல்லாம் ஒன்றுதான், பெண்பிள்ளை சபையில் பேசாமல் போ என்றார்.

குருவம்மாள் முகம் சிவந்து போயிருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைவரைப் பார்த்து நேராகச் சொன்னாள். “நான் ஆம்பளப் பிள்ளை கேக்கலை அண்ணாச்சி. எனக்கு என் ஆம்பள வேணும்னுதான் கேட்டேன்.”

மேளக்காரன் அடிக்க ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்தான்.

பலவேசம் அவளைப் பார்த்தான். அவன் உடம்பை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். மூட்டை தூக்கக் கேட்டிருக்கிறார்கள், பட்டாளத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். அவன் அம்மாவே சாகும்போது கொள்ளி வைக்க ஒரு பேரன் வேண்டும் என்றுதான் கேட்டாள். அவனை அவனுக்காகவே, தனக்கு வேண்டும் என்று ஒருத்தி உச்சிவெயிலில் தனியாகப் போய்ச் சாமியிடம் கேட்டிருக்கிறாள். இவள் பரிதாபப்படுகிறாள் என்றல்லவா நினைத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் மற்ற வெட்கம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

“இதைக் கொஞ்சம் புடியும் அண்ணாச்சி” என்று மண்பிள்ளையை நீட்டினான். குற்றாலிங்கமும் கை நீட்டி வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான், பட்டறை தாண்டின உருவத்தை மாடன் காலடியைத் தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது என்று சிவசைலம் நினைவுபடுத்தினார். வேளார் ஆயுசில் முதல்தடவையாக அப்போதுதான் லேசாகச் சிரித்தார். அறுபது வயதில் ஆண்பிள்ளை வேண்டி நிற்கிற கோலத்தில் தலைவர் நடுத்தெருவில் நின்றார்.

பலவேசம் சுவரோரம் போய்ச் சாக்கை உருவி எறிந்தான். தலைத்துணியைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதைத் தூக்கி உச்சந்தலையில் செங்குத்தாக நிறுத்தினான். தலையில் சுமை இருக்கிறவன் தலை குனிய முடியாது. குனியவும் அவனுக்குத் தோன்றவில்லை. நெஞ்சை நிமிர்த்தி அவன் தெருவில் இறங்கினான். கூட்டத்திலிருந்து ஒரு குலவை எழுந்தது. எடுத்தது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குற்றாலிங்கத்தின் மனைவி பாலம்மாள். கண்ணை மூடி, ஆயுசுக்கும் சேர்த்து வைத்ததை விடுவது போல விட்டாள். மற்றப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், மேளம் பிடித்துக்கொண்டது. தெருப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாசில்தார் எழுந்து, யாரோ பெரிய சாமி வருவதாக நினைத்துக் கும்பிட்டார்.

குருவம்மாள் பக்கத்திலேயே நடந்தாள். கொஞ்சதூரம் போனதும் கிட்ட வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, கனக்கிறதா என்று கேட்டாள்.

“கனக்கத்தான் செய்யுது” என்றான் பலவேசம். “நீ கூடவே வாட்டி.”