பொரியாத வெங்காரம்

என் கணவர் வெங்கடரமணன் மெய்ப்புத் திருத்துபவர். வீட்டில் எந்தப் பொருளும் தமிழ்ப் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது அவருக்கு. ஃபிரிட்ஜின் மேல் 'குளிர்பெட்டி' என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். இல்லையென்றால் நாங்கள் அதில் துணி துவைத்துவிடுவோம் பாருங்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் நான் வெள்ளியும் பித்தளையும் பற்றவைத்து நகை, விளக்கு செய்கிறேன். அந்த அறையை மட்டும் அவர் விட்டுவைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு டப்பாவில் 'ஃபிளக்ஸ்' என்று எழுதி வைத்திருந்தேன். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஃபுளூரோபோரேட் என்ற உப்பு. பார்த்தால் பல்பொடி மாதிரி அசட்டு வெள்ளை. பச்சைத் தண்ணீரில் சரியாகக்கூடக் கரையாது. ஆனால் டார்ச்சின் தீ பட்டால் உருகித் தெளிந்து, உலோகத்தின் மேலுள்ள கறையை எல்லாம் தின்றுவிடும். அந்தத் தெளிவுக்குள் வெள்ளிப் பற்று ஓடுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒழுங்காக நடத்தாவிட்டால் கோபமும் வரும் அதற்கு. கண்டபடி காய்ச்சினால் மூச்சை அறுக்கும் வாயுவை விடும், அமிலம் பக்கத்திலேயே ஆகாது. கையுறை, கண்ணாடி, முகமூடி, புகையை வெளியே இழுக்கும் விசிறி எல்லாம் இருந்தால்தான் டப்பாவைத் திறப்பேன். மடியாக இருந்து தொடுகிற சாமான் அது என்று என் நாத்தனார் ஜானு கேலி செய்வாள்.

ஜானு பாடகி. மார்கழி சீசனில் முதல்முறையாக ஒரு பெரிய சபாவில் மாலைக் கச்சேரி கிடைத்திருந்தது. அதற்காகவே எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். கச்சேரியன்று பார்த்து நாக்கின் ஓரத்தில் புண். போதாக்குறைக்கு, மேடையில் வெந்நீர் குடிக்கிற அவளுடைய வெள்ளிக் கூஜாவின் பிடியும் கழன்றுவிட்டது. பிடியை நான் பார்த்துக்கொள்கிறேன், புண்ணுக்கு உப்புநீர் கொப்பளி என்று சொல்லிவிட்டுக் காலையில் காய்கறி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது சமையலறையில் ஜானு அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு இரும்பு வாணலியில் எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றில் ஏதோ காரம். லேசாக இருமினாள்.

"பொரியவே மாட்டேங்கறது மன்னி. எத்தனை நாழியா வறுத்துண்டிருக்கேன், அப்படியே உக்காந்துண்டிருக்கு."

என்னடி அது என்று கேட்டேன். வெங்காரம் என்றாள், அதாவது போராக்ஸ். அதைப் பொரித்துத் தேனில் குழைத்து வாய்ப்புண்ணுக்குத் தடவுவது அவர்கள் வீட்டு வைத்தியம். அண்ணாவைக் கேட்டாளாம், மாடியில் இருக்கிறது, நான்தான் பெயர் எழுதி ஒட்டினேன் என்று அவர் பெருமையாகச் சொன்னாராம். அடுப்பு மேடையில் என் டப்பா. அதன்மேல் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் 'வெங்காரம்'. தட்டார்கள் பற்றவைக்கத் தடவுவது வெங்காரம்தானே, ஃபிளக்ஸுக்குத் தமிழ் அதுதான் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

காஸை அணைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்து, ஜானுவைத் தரதரவென்று வாசல் பால்கனிக்கு இழுத்துப் போனேன்.

"வாயில வெச்சியா? உண்மையைச் சொல்லு."

"பொரியாததை யாராவது வாயில வெப்பாளா? அதைத்தானே அம்மா தலைபாடா அடிச்சுண்டிருக்கா."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெங்காரத்தின் படிகத்துக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அது ஆவியாகி வெளியேறும்போதுதான் வெங்காரம் பொங்கிப் பொரிகிறது. இந்த உப்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதனால் அது பொரியவில்லை. பொரியாததால் அவள் நாக்கு தப்பித்தது. எத்தனை வருஷமாக அதைத் தொட்டுப் புழங்குகிறேன், அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் இருமல் நிற்கவில்லை. பாடிப் பார்த்தாள், குரல் கரகரவென்று உடைந்தது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஆட்டோ பிடித்து லஸ்ஸில் டாக்டர் ஷகீலாவிடம் ஓடினோம். தொண்டையையும் மார்பையும் சோதித்துவிட்டு, கொஞ்சம்தான் பட்டிருக்கிறது, மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி என்றார். அசல் வெங்காரமே வாயில் வைக்கிற வஸ்து இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு திட்டும் கிடைத்தது.

மத்தியானம் இருமல் அடங்கியிருந்தது. நான் கூஜாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஜானுவும் பின்னாலேயே வந்து, காற்று எதிர்ப்பக்கம் போகிற இடமாகப் பார்த்து, தூரத்தில் நின்றாள். அந்த உப்பைத் தண்ணீரில் குழைத்து, பிடி ஒட்டும் இடத்தில் வெள்ளை விழுதாகத் தடவி டார்ச்சைக் காட்டினேன். விழுது காய்ந்தது, வெளிறியது, சட்டென்று கண்ணாடியாகத் தெளிந்தது. பற்றுக்கம்பியின் நுனி தொட்டதுதான் தாமதம், வெள்ளி தானாகவே ஓடி இணைப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. ஜானு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூஜாவை வெந்நீரில் பலமுறை கழுவி, உப்பின் சுவடே இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் கையில் கொடுத்தேன்.

அன்று மாலை சபாவில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. ஜானு கூஜாவிலிருந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தாள், தம்பூராவைக் கேட்டாள், ஷட்ஜம் பிடித்தாள். கீறல் இல்லை. கரகரப்பு இல்லை. எனக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை, காதுதான் இருந்தது.

வர்ணம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்து, பயந்துகொண்டே கேட்டார்.

"அந்த டப்பாவுல என்னன்னு எழுதட்டும்?"

"அதோட பேரை எழுதுங்கோ."

மறுநாள் காலை டப்பாவில் புதுச் சீட்டு இருந்தது. பொட்டாசியம் ஃபுளூரோபோரேட். எழுத்துக்கு எழுத்து சரி. கீழே சிவப்பு மையில், அவருக்கே உரிய தமிழில், ஒரு வார்த்தை: பொரியாது.