மில் ஓடாத நாள்

குத்தாலத்தில் காதர் மைதீன் பாயின் அரவை மில்லுக்குப் பின்னால், தவிட்டு மூட்டை அடுக்கியிருந்த அறையைத்தான் செம்மொழி வாடகைக்கு எடுத்திருந்தாள். சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவளுக்கு ஸ்பீக்கர் அலறவிட ஊரில் வேறு யார் இடம் கொடுப்பார்கள்? பாயின் தங்கை மகன் பாசித், துபாயில் நடன கிளப்புகளுக்கு டீப் ஹவுஸ் பாட்டுப் போடுகிறவன். அவன் அனுப்பும் தாளத்தையும் குரலையும் அளவு பார்த்துக் கலந்து முழுப்பாட்டாக்குவது இவள் வேலை. அந்த வகைப் பாட்டுக்கு உயிரே அடியில் கனமாக நடக்கும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலிதான். அதைச் சோதிக்க மேசைமேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருப்பாள். பாட்டு ஓடும்போது தண்ணீர் நடுங்கினால் அம்மணிக்குத் திருப்தி. இந்தச் சொம்புப் பரீட்சையைப் பாசித்திடமும் பெருமையடித்திருக்கிறாள்.

இதுவரை அனுப்பிய இரண்டு பாட்டும் கிளப்பில் எடுபடவில்லை. "ரொம்ப ஒல்லியா கேக்குது செம்மொழி" என்றான் பாசித். உங்கள் ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று இவள் அடித்துச் சொல்லிவிட்டாள். வாய்க்கு என்ன குறைச்சல். மூன்றாவது பாட்டு இன்று பகல் பன்னிரண்டுக்குள் போக வேண்டும். நாளை கிளப்பில் போடுகிறான். அதையே ஒரு கம்பெனி விற்பனைக்கும் வெளியிடுகிறது. இதுவும் ஒல்லி என்றால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

அன்று மாதாந்திர ஷட்டவுன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய் மில் நின்றது. மில் திறந்திருக்கும் நேரம்தான் அவளுக்கும் வேலை நேரம்; வழக்கமாக ஷட்டவுன் நாளில் அவள் வரவே மாட்டாள். இன்வெர்ட்டர் வாங்கியதே போன மாதம்தான். அனுப்புமுன் ஒருமுறை கேட்டுவிடலாமென்று பாட்டைப் போட்டாள்.

தண்ணீர் அசையவில்லை.

சத்தத்தைக் கூட்டினாள். தாளம் தகரத்தில் தூறல் விழுவதுபோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டினாள், ஹெட்போனில் கேட்டாள். அதே வெறுமை. அப்புறம்தான் உறைத்தது. ஆறு மாதமாகத் தரையையும் நாற்காலியையும் அவள் முதுகெலும்பையும் அதிர வைத்தது மில். அதைத் தன் பாட்டின் பேஸ் என்று நம்பி, பாட்டில் இருந்ததைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிய கதை. அவமானத்தில் காது சுட்டது.

சின்ன இன்வெர்ட்டர் ஸ்பீக்கருக்கு மட்டும்தான் தாங்கும்; லேப்டாப்பில் பாதி சார்ஜ்தான் இருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். பேஸை ஏற்றினாள், தாளத்தின் அடி விழும் இடத்தில் அது ஒரு கணம் ஒதுங்கி வழிவிடும்படி செதுக்கினாள். கால்வாசி முடிந்திருக்கும். திடீரென்று தரை அதிர்ந்தது. பாய் ஜெனரேட்டரில் மில்லை ஓட்டிவிட்டார். சொம்புத் தண்ணீர் நடுங்க, பாட்டு அந்த நொடியே அழகாகிவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஓடினாள். "பாய், ஒரு முக்கா மணி நேரம் மில்ல நிறுத்துங்க."

நெல் அரைக்க வந்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இராஜாங்கம் எழுந்தேவிட்டார். "வெளிய டெம்போ நிக்குது. அறுவடை நேரத்துல நிறுத்துன்னா எப்படி?"

"ஏம்மா, குரல் ஏதும் பதியணுமா?" என்றார் பாய்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க, அவரே இலை போட்டுக் கொடுக்கிறார்.

"இல்ல பாய். ஆறு மாசமா ஒங்க மில்லு அதிர்றத என் பாட்டுன்னு நெனச்சு அனுப்பியிருக்கேன். அந்த ரெண்டு பாட்டு வீணானது என்னாலதான்."

இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. வரிசையில் இருந்த பத்துப் பேருக்கும் கேட்டது.

பாய் சிரிக்கவில்லை. "ஒன்ன பாசித்துகிட்ட சிபாரிசு பண்ணவனே நான்தாம்மா" என்றார். பிறகு கையை நீட்டி மில்லை நிறுத்தினார். "பதினொன்னரை வரைக்கும்தான்."

இராஜாங்கம் துண்டை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

பதினொன்றரைக்கு மில் ஓடத் தொடங்கியபோது கடைசி நிமிடப் பகுதியை அவள் மறுபடி கேட்டுச் சரிபார்த்திருக்கவில்லை. இனி கேட்டும் பயனில்லை, சொம்பு நடுங்கத்தான் செய்யும். அமைதியில் கேட்டதை மட்டும் நம்பி, எட்டு சதவீத சார்ஜில் பாட்டை அனுப்பினாள். கூடவே எழுதினாள்: "முந்தின ரெண்டும் ஒல்லியா இருந்ததுக்கு ஒங்க ஸ்பீக்கர் காரணமில்ல. நான்தான்."

பதிலே இல்லை. வியாழன் போனது, வெள்ளியும் போனது.

சனிக்கிழமை காலை பாசித்திடமிருந்து ஒரு வீடியோ மட்டும் வந்தது. மில் இரைச்சலில் பாட்டு காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் போனில் பேஸ் எங்கே கேட்கும்? கூட்டத்தைக் காட்டிய படம் மெல்ல ஒரு மேசைக்கு இறங்கியது. மேசைமேல் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அது அடிக்கு அடி நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பாய் கேட்டார்.

"அங்கயும் மில்லு ஓடுதா?"