சூப்பு குடிக்கும் குடும்பம்

எங்கள் மலையூரான சோளக்காட்டின் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் படம் போடுவோம். புரொஜெக்டர் முருகானந்தம் அண்ணனுடையது. இயற்பியல் படித்தவள் என்பதால் அதை இணைக்கும் வேலை எனக்கு. ஆங்கிலம் தெரியும் என்பதால், திரையின் அடியில் வரும் வசனத்தை மைக்கில் தமிழில் சொல்லும் வேலையும் எனக்கே. மைக்கில் பேச எனக்குக் கூச்சம்.

போன மாதம் அமெரிக்கப் படம். கார்கள் பறந்தன, பாலம் இடிந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரு வசனத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் அதைப் பேசியவன் செத்துப்போயிருந்தான். பாதியில் வாயை மூடிக்கொண்டேன். கூட்டமும் பாதியில் எழுந்து போனது. இந்த மாதமும் அப்படி ஆனால் புரொஜெக்டரைக் கல்யாண வாடகைக்கு விட்டுவிடப் போவதாக முருகானந்தம் அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கோ மாதத்தில் உருப்படியான மதியம் அது ஒன்றுதான்.

அதனால் டென்மார்க் குடும்பப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா, மகள், மகன். பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்பதுதான் கதை. எனக்குப் பிடித்த படம். வசனமும் குறைவு.

மூவரும் மேசையில் உட்கார்ந்து சூப்பு குடித்தார்கள். குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த இருசாயி அக்கா, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். ஒன்றும் பேசவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பிள்ளை கூச்சப்பட்டு வசனத்தை முழுங்கிவிடுகிறது என்று பக்கத்தில் சொன்னார். கூடம் முழுக்க அது பரவியது. மாதன் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள்.

திரையில் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

“நாளைக்கே நான் வூட்ட விட்டுப் போறேன்ப்பா.”

படத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. மாதன் அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த காட்சி மறுநாள் காலை. மகள் நிதானமாகத் துணி காயப்போட்டாள். ஒவ்வொரு துணியாக.

“போறேன்னு சொன்னாளே கண்ணு, ஏன் போகல?” என்று கேட்டார் இருசாயி அக்கா.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “பஸ்ஸு வரலையாமுங்க.”

ஒருவருக்கும் அதில் சந்தேகம் எழவில்லை. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்திருக்கும் என்றார் மாதன் அண்ணன். டென்மார்க்கில் மலையே இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

மகன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். நான் யோசிப்பதற்குள் கூடத்திலேயே யாரோ அவனுக்காகப் பேசினார்கள். அப்பாவுக்காக இன்னொருவர் பதில் சொன்னார். விற்கலாம் என்று ஒரு பக்கம், கூடாது என்று மறுபக்கம். உண்மையான வசனம் வந்தபோது மட்டும் என்னைப் பேச விட்டார்கள்.

கடைசிக் காட்சியில் அப்பா தனியாக அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“அப்பன் என்ன சொல்றான் கண்ணு?”

இப்போது பொய் சொல்வது எனக்குச் சுலபமாகியிருந்தது. ஆனாலும் மனம் வரவில்லை.

“ஒண்ணும் சொல்லலீங்க.”

இருசாயி அக்கா இந்த முறை நம்பினார். “அவன் எங்க சொல்லுவான்” என்றார்.

வீட்டை விற்றார்களா என்று தெரியாமலே படம் முடிந்தது. ஒருவரும் எழவில்லை. விற்றிருக்க மாட்டான் என்று மாதன் அண்ணனிடம் வாதாடிவிட்டு முருகானந்தம் அண்ணன் என்னிடம் வந்தார்.

“அடுத்த மாசமும் இந்த மாதிரி நல்லாப் பேசற படமாப் போடு கண்ணு. போன மாசத்துப் படத்துல ஒருத்தனும் வாயே தொறக்கல.”