ஞானசுந்தரி வீடு மாறவில்லை

“மிஸ், ஞானம் அத்தை வீடு எங்க போவுது?” என்று ஊரிகம் அங்கன்வாடியில் இந்து என்ற நாலு வயதுச் சிறுமி ஒருநாள் கேட்டாள். முட்டை உரித்துக்கொண்டிருந்த அங்கன்வாடி ஊழியர் மமதா, “மொதல்ல சாப்டு” என்றார். வீடு போய்க்கொண்டிருப்பது மமதாவுக்கும் தெரியும். எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது.

அது சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. தங்கச் சுரங்கம் மூடிய பிறகும் பூமிக்கடியில் பாறை அவ்வப்போது வெடிக்கும், மேலே பாத்திரங்கள் குலுங்கும், சனங்கள் தெருவுக்கு வந்து நின்றுவிட்டு உள்ளே போவார்கள். 2003ஆம் வருஷத்து மழைக்காலத்தில் அப்படி ஒரு குலுக்கலில் ஞானசுந்தரியின் வீடு பக்கத்து வீட்டிலிருந்து ஒரு விரல் அகலம் விலகியது. தீபாவளிக்குள் அந்த இடுக்கில் கை நுழைந்தது, கிறிஸ்துமஸுக்குள் ஆடு நுழைந்தது. பிறகு அது எதிர் லைனை ஒட்டியிருந்த வெற்று நிலத்தில், வாசலைப் பழைய இடத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, பின்புறமாக வருஷத்துக்குப் பதின்மூன்று அடி நகர்ந்தது. அந்த லைனில் ஒரு வீட்டின் அகலமும் பதின்மூன்று அடிதான். ஆகவே அவருடைய ஜன்னலுக்கு நேராக வருஷத்துக்கு ஒரு வாசல் வந்தது, வருஷத்துக்கு ஒரு புதிய பக்கத்து வீட்டுக்காரர் கிடைத்தார். மின்சார லைன்மேன் ஒவ்வொரு ஜனவரியிலும் வந்து ஒயரை நீட்டிக் கொடுத்தார். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. ஞானசுந்தரி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்புவார். வீடு எங்கே நிற்கிறது என்று அவர் ஒருநாளும் தேடியதில்லை. பதின்மூன்று அடியில் யாரும் தொலைந்துவிடுவதில்லை.

வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு வந்தபோது வீடு இருபத்திரண்டு வாசல்களைக் கடந்து லைன் முடியும் குறுக்குச் சந்துக்கு வந்திருந்தது. சந்துக்கு இந்தப் பக்கம் பட்டியலின் எழுபத்தொன்றாம் பாகம், அந்தப் பக்கம் எழுபத்திரண்டு. வாசலும் கட்டிலும் எழுபத்தொன்றில் இருந்தன. அடுப்பு எழுபத்திரண்டுக்குப் போய்விட்டது. எழுபத்தொன்றுக்கு, வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும் பி.எல்.ஓ. மமதா. மூன்று முறை பகலில் போனார், மூன்று முறையும் பூட்டு. பாதி வீடு அந்தப் பக்கம் போய்விட்டதால், ‘அடுத்த பாகத்துக்குச் சென்றுவிட்டார்’ என்று எழுதினார். எழுபத்திரண்டுக்குச் சௌந்தரராஜன் என்ற பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற மூன்று மாதம் பாக்கி, முழங்காலில் வலி. மமதாவின் குறிப்பு வந்ததும் தன் பக்கத்திலிருந்து பார்த்தார். கதவில்லாத ஒரு பின்சுவர் தெரிந்தது. ‘அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் ஊரை விட்டுச் சென்றுவிட்டார்’ என்று எழுதினார். அவர் யாரையும் விசாரிக்கவில்லை. இப்படி ஞானசுந்தரி இரண்டு பாகத்திலும் இல்லாமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த நீக்கப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்தார். நேராக மமதா வீட்டுக்குப் போனார்.

“இன்னா மிஸ், நான் போயிட்டேன்னு எழுதிட்டீங்களாமே? நான் எங்கயும் போவல. வீடுதானே போச்சு.”

“மூணு வாட்டி வந்தேன்க்கா. பூட்டு தொங்கிச்சு.”

“ரயிலுக்குப் போறவ பகல்ல வீட்ல உக்காந்துகினு இருப்பாளா? உங்க ஊட்டுக்காரர் இருக்காரா?”

மமதாவின் கணவரும் அதே ரயிலில்தான் போகிறவர். மமதா நாற்காலியை எடுத்துப் போட்டார்.

ஓட்டு மட்டும் போவதாக இருந்தால் ஞானசுந்தரி அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். அவர் வீட்டுக்குப் பட்டா கேட்டு எழுதிப் போட்டிருந்தார். பழைய விலாசத்தில் தொடர்ந்து குடியிருப்பவர் என்று வாக்காளர் பட்டியல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடி. அப்பா பூமிக்கடியில் முப்பது வருஷம் உழைத்த கணக்கில் மிஞ்சியது அந்த ஒன்றரை அறைதான்.

நீக்கத்தை எதிர்த்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். விசாரணை அதிகாரி கோலாரிலிருந்து வந்த இளைஞர், பொறுமையானவர். பிறந்த இடம் எது என்று கேட்டார். “இதே வீட்லதான் சார். அப்ப அது அங்க இருந்துச்சு” என்று ஞானசுந்தரி சொல்லி, கோயில் ஞானஸ்நானப் பதிவின் நகலைக் கொடுத்தார். இந்தியக் குடிமகள் என்பதில் அதிகாரிக்குச் சந்தேகம் இல்லை. குடியிருப்புதான் சிக்கல். வீடு மாறியதாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்றார்.

“மாறலயே சார். மாறிட்டேன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“எல்லாரும் போடறாங்கம்மா.”

“எல்லாரும் மாறியிருப்பாங்க சார்.”

கையெழுத்துப் போட்டால் பழைய விலாசம் அற்றுப்போகும், பட்டாவும் போகும். அதைவிடவும், பொய்யின் கீழே தன் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. அதிகாரி ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, இருபத்திரண்டு வருஷத்துக்கும் சாட்சி கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மமதா தானே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிர் லைனின் முதல் வாசலில் ஆரம்பித்தார். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வருஷம்தான் ஞாபகம் இருந்தது, ஆனால் நன்றாக இருந்தது. தங்கள் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தபோது ஞானம் தினமும் ஜன்னல் வழியாக வேப்பிலை நீட்டிய வருஷம் என்றார் ஜெயம்மா. லூயிசா, குழாயில் தண்ணீர் நின்றுபோன கோடையில் ஞானம் அக்கா ரயிலில் இருந்து இரண்டு கேன் தண்ணீர் தூக்கி வந்தார், ஒன்று எனக்கு என்றார். ஆஸ்டின், ரயில் ஓடாத நோய்க்காலத்தில் அவர் வீட்டு ரேடியோ சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது என்று எழுதினார். மஞ்சுநாத் மட்டும் வாசலிலேயே குரலை உயர்த்தினார். “அந்த வருஷம் பூரா அவங்க கோழி எங்க வாசல்லதான் கீது! டெய்லி சண்டை. ஒரு நாள்கூட விட்டதில்ல. எங்க கையெழுத்துப் போடணும்?”

அதிகாரி நோட்டுப் புத்தகத்தை முழுதும் படித்தார். மற்றவர்கள் அன்பினால் கூட்டிச் சொல்லக்கூடும் என்று நினைத்தாரோ என்னவோ, மஞ்சுநாத் கையெழுத்திட்ட பக்கத்தில் விரலை வைத்து, “தினமும் சண்டை போட்டிருக்கார்னா தினமும் இருந்திருக்காங்க” என்றார். பிறகு பழைய குறிப்பை எடுத்தார். “அக்கம்பக்கத்துல விசாரிச்சதா இருக்கே, யாரை விசாரிச்சீங்க சார்?”

பெஞ்சின் ஓரத்தில் இருந்த சௌந்தரராஜன் எழுந்து நின்றார். ஒரு மெமோ வந்தால் அவருடைய பென்ஷன் எத்தனை வருஷம் இழுக்கும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஞானசுந்தரிக்கும் தெரியும்.

“விசாரிச்சிருந்தாலும் அதான் சார் சொல்லியிருப்பாங்க” என்றார் அவர். “அந்தப் பக்கத்து சனங்க இன்னும் என் மூஞ்சியையே பார்த்ததில்ல. வெறும் சுவருதான் தெரியுது. வாசல் இந்தப் பக்கம்.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதிகாரி அவரையும் வாத்தியாரையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்து, ‘வாக்காளர் வீடு மாறவில்லை. வீடு மட்டும் இடம் மாறியுள்ளது. வாசல் எந்தப் பாகத்தில் உள்ளதோ அந்தப் பாகத்தில் பெயர் தொடரும், விலாசம் பழையதே’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த உத்தரவின் நகலோடு பட்டா மனு ஏற்கப்பட்டது. அளக்க வந்த சர்வேயர் நான்கு எல்லைகளையும் பென்சிலால் குறித்துக்கொண்டு போனார்.

சந்துக்கு அப்பால் ஒரு சாக்கடை ஓடுகிறது. இரண்டடி அகலம், திறந்த கால்வாய். அடுத்த மழைக்குள் பின்சுவர் அதன்மேல் வந்துவிடும், அஸ்திவாரம் இறங்கும், வீடு உடையும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஞானசுந்தரி ஜெபம் செய்தார், வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோது சாக்கடையின் மேல் ஓர் அடி அகலத்தில் தடித்த கல் பலகை ஒன்று கிடந்தது. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. அவை பகலில் வந்தன. லைனில் பாதிப் பேர் ரயிலேறிப் போய், மீதிப் பேர் வெயிலுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் நேரத்தில், ஓய்வு பெற்ற சௌந்தரராஜன் மொபெட்டில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வந்து, வலிக்கும் முழங்காலை மண்ணில் ஊன்றி, கடப்பாறையால் அதை நகர்த்திப் பொருத்திவிட்டுப் போவார். பதின்மூன்று நாளில் பதின்மூன்று கல், வீட்டின் அகலத்துக்குச் சரியாக. ஒருவரும் பார்க்கவில்லை. ஞானசுந்தரி யாரையும் கேட்கவில்லை. கடைசிக் கல் வந்த அன்று அவற்றின்மேல் தண்ணீர் தெளித்துப் பெருக்கினார், அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் வீடு அந்தக் கற்களின் மேல் ஏறியது. அலமாரியில் இருந்த டம்ளர்கள்கூட அசையவில்லை.