கொப்பாய்பா எண்ணெய்

கோபுரத்தின் பாதி உயரத்தில் வால்தெனோர் நின்றுவிட்டான். மூச்சு வாங்குகிறான் என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உண்மையில் உடம்புக்குள் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. காலுக்கடியில் காடு துளிர்த்துக் கிடந்தது. மழை ஓய்ந்து, பழைய இலை உதிர்ந்து, தளிர் விடும் பருவம். இந்தச் சமயத்தில்தான் காடு விடும் மூச்சு மாறுகிறதாம், இலைகளிலிருந்து கிளம்பும் வாசனைகள் கூடுகின்றனவாம். அதைப் பிடித்து அளக்கத்தான் இந்தக் கோபுரம், உச்சியில் வரிசையாகக் குழாய்கள், அடியில் குடிசைக்குள் ஓயாமல் ஓடும் மெஷின். குழாய்களை மாற்றுவது வால்தெனோரின் வேலை.

ஆறு வடிந்து குட்டைகள் தேங்குவதும் இதே பருவத்தில்தான். குட்டை இருந்தால் கொசு, கொசு கடித்தால் மலேரியா. ஆனால் கோபுரம் ஏறுகிறவன் கொசு மருந்து பூசக் கூடாது. சென்ட், சிகரெட், வாசனை சோப்பு எதுவும் ஆகாது. மனித வாடை குழாய்க்குள் போனால் காட்டின் அளவு கெட்டுவிடும். பதிலுக்கு முழுக்கைச் சட்டை கொடுத்திருந்தார்கள். கொசுவுக்குச் சட்டை ஒரு பொருட்டா?

போன காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த அன்றே முகாம் பொறுப்பாளர் ஒத்தோனியல் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ படுத்துட்டீன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். சீசன்ல மெஷின் சும்மா நிக்கக் கூடாது. கோவிச்சுக்காத."

அவன் மனைவி இவானில்தே அதே முகாமில் சமையல்காரி. மறுநாள் காலை மீன் வறுத்துக்கொண்டிருந்தவள் அவனை அடுப்படிக்கு இழுத்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் கொசு அண்டாதிருக்கக் கொப்பாய்பா மரத்து எண்ணெயைத் தேய்த்தாள்.

"ஏய், எதுவும் பூசக் கூடாதுடி."

"கடைல வாங்குனதத்தான பூசக் கூடாது? இது எங்கப்பா மரத்துல துளை போட்டு எடுத்தது. காட்டு வாசனையத்தான அளக்குறாங்க? இதுவும் காடுதான், போ."

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து தினமும் பூசிக்கொண்டுதான் ஏறினான்.

"வால்தெனோர்! எறங்கி வா!" பாதிக் கோபுரத்தில் நின்றவனை ஒத்தோனியல் கீழிருந்து கூப்பிட்டார்.

குடிசைக்குள் ஒத்தோனியல் மெஷினின் திரையைக் காட்டினார். "இந்தக் கோட்டப் பாரு. நீ ஏறுனா எகிறுது, எறங்குனா படுக்குது. மரமெல்லாம் உன்னப் பாத்து வெக்கப்படுதா என்ன?" குனிந்து அவன் காலரை முகர்ந்தார். சிரிப்பு நின்றுபோனது. "கொப்பாய்பாவா?"

"காட்டு எண்ணெதான சார்."

"அதாம்பா வினையே. கடை மருந்துன்னா தனியாத் தெரியும், கழிச்சிடலாம். இது மரம் விடுற அதே வாசனை. எது காடு, எது உன் கழுத்துன்னு எப்படிப் பிரிப்பேன்? தளிர் விட்ட நேரத்துல எடுத்த அத்தனையும் பாழ். இனி அடுத்த வருஷந்தான்." அவர் குரலில் கோபம் இல்லை.

கரண்டியோடு ஓடி வந்தாள் இவானில்தே. "நான்தான் சார் பூசுனேன். என்னைய அனுப்புங்க."

"உன்ன அனுப்பிட்டா இத்தன பேருக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

"அப்ப கொசு கடிச்சா இவரு என்னதான் பண்றது? நீங்களே சொல்லுங்க சார்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வால்தெனோரின் பற்கள் குளிரில் தந்தியடிக்கத் தொடங்கின; மறுபடி காய்ச்சல். எண்ணெய்க்கும் தப்பி ஏதோ ஒரு கொசு கடித்திருந்தது.

ஊருக்குப் போகும் மதியப் படகில் அவனை ஏற்றினார்கள். படகின் நடுவில் மட்டும் சின்னக் கூரை. அதன் நிழலில், எண்ணெய் பூசுவதற்கு முன் எடுத்த நல்ல குழாய்கள் ஒரு பெட்டியில் ஐஸ் வைத்து இருந்தன. சூடு ஏறாமல் பெட்டியைத் தடித்த கம்பளியால் சுற்றியிருந்தார்கள்.

"முன்னால உக்காருங்கண்ணே," என்றான் படகோட்டி. "பெட்டி மேல வெயில் படக் கூடாதுன்னு உத்தரவு."

வால்தெனோர் முன்னால் போய் உட்கார்ந்தான். பலகை சுட்டது. நடுவெயிலில் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவன் நடுங்குவதைக் கரையிலிருந்து இவானில்தே பார்த்தாள். கம்பளி பெட்டியின்மேல் இருந்தது.