மோட்டாரை விற்ற வீடு

திரவவியல் தேர்வில் அவள் இரண்டாம் முறையாகக் கோட்டைவிட்ட அன்று, அவள் குடியிருந்த நான்கு மாடி வீட்டின் தரைத்தொட்டித் தண்ணீர் மோட்டார் போடாமலே மேலே ஏறியது. காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குழாய்க்குள் ஓடும் தண்ணீர் உரசி உரசித் தெம்பை இழக்கும், அந்த இழப்பைக் கணக்கில் கழிக்க வேண்டும் என்பது சிவில் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அவள் மட்டும் இரண்டு தேர்விலும் அதைக் கூட்டியிருந்தாள். கல்லூரியில் அவளுக்கு பிளஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருத்தி அத்தனை உறுதியாக எழுதினால் அவள் குடியிருக்கிற வீட்டுத் தண்ணீராவது நம்ப வேண்டாமா? நம்பியது.

அதன்பின் அங்கே குழாய் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அதற்குப் புதுத் தெம்பு ஏறியது. பிளம்பர், தொழிலுக்கே துரோகம் செய்வதாகப் புலம்பிக்கொண்டே, பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய சொரசொரப்பான குழாய்களைத் தேவையில்லாத எல்போ வளைவுகளோடு மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்காரர் மோட்டாரை விற்றுவிட்டார். அது ஓடிய நாட்களைவிடப் படுத்த நாட்களே அதிகம். அப்போதெல்லாம் மூட்டுவலியோடு குடம் தூக்கியவர், நான்காம் மாடியில் தையல் மெஷின் வைத்திருந்த அவளுடைய பெரியம்மா. இப்போது அவர் குழாயைத் திறந்துவிட்டு அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்.

செய்தி கேட்டு ஹைட்ராலிக்ஸ் பேராசிரியரே அழுத்தமானியோடு வந்தார். மாடிக்கு மாடி மாட்டிப் பார்த்தார். முள் ஏறிக்கொண்டே போனது. அவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். “வீட்ல என்ன வேணா நடக்கட்டும்மா. பேப்பர்ல மைனஸ் போட்டாத்தான் மார்க்கு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் முறையும் தவறினால், மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவளுக்கென்று நிறுத்தி வைத்திருந்த வேலை கைநழுவிவிடும். தேறினாலோ தண்ணீர் இறங்கிவிடும் என்று வீடே நம்பியது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் அவளிடம் குழைந்தார்கள். “ஃபெயிலானா என்னம்மா, உலகமா முழுகிடும்?” அந்த முறைதான் அவளுக்குக் கழித்தல் ஏன் என்று உண்மையாகவே புரிந்திருந்தது. புரிந்ததை நினைத்து அவள் அழுதாள்.

பெரியம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை தைப்பதாக அளவெடுக்கக் கூப்பிட்டார்.

“தண்ணி நின்னுட்டா என்ன பண்ணுவீங்க பெரியம்மா?”

“நின்னா தூக்கிக்கலாம். கைய நேரா நீட்டு.”

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. பேனா அதே இடத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு அவள் மைனஸ் போட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் உடைகூட மாற்றாமல் தரைத்தொட்டியிலிருந்து இரண்டு வாளி மொண்டு படியேறினாள். வழியில் ஒரு கதவும் திறக்கவில்லை. மூச்சிரைக்க நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது, பெரியம்மாவின் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பித் தரையெல்லாம் ஈரம்.

“பெரியம்மா, நான் மைனஸ் போட்டுட்டேனே!”

பெரியம்மா வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினார். “நீ போட்டுட்ட. உனக்கே மூணு தடவ ஆச்சில்ல? அது தண்ணிதானே, பாவம். கொஞ்சம் டைம் குடு.”

அவள் இரண்டு வாளியையும் கீழே வைத்துவிட்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்று அவள் குடிநீர்ப் பிரிவில் தலைமைப் பொறியாளர். ஊர் முழுக்க அவள் போட்ட குழாய்கள் கணக்குப் பிசகாமல் ஓடுகின்றன. அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் இன்னும் தானாகவே மேலே ஏறுகிறது. அதற்கு அரியர் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை அவசரப்படுத்துவதில்லை.