கொக்குத் தலையில் பெயின்ட்

பஸ் ஓட்டியே தலை நரைத்தவரை டிராக்டரில் உட்கார வைத்தால் என்ன செய்வார்? அதையும் பஸ்ஸாகத்தான் ஓட்டுவார். வரப்பு வந்தால் ஹாரன், திரும்பினால் கைகாட்டல், வயல் கோடியில் நின்று பின்னால் ஒரு பார்வை. ஓய்வுபெற்ற டிரைவரின் உழவைப் பார்த்து வாய்க்கால் தவளைகூடச் சிரித்திருக்கும். சிரிக்காத ஒரே கூட்டம் உண்ணிக்கொக்குகள்தான்.

நிலம் மனைவியின் பங்குக்கு வந்தது. இத்தனை காலமும் குத்தகையில் கிடந்தது. மனைவி டவுனில் தையல் கடை வைத்திருந்தவள். அவளுக்கும் நிலத்துக்கும் இருந்த உறவு பத்திரத்தோடு சரி. அவர் ஓய்வு பெற்றதும் இருவரும் துணிந்து வந்து இறங்கிவிட்டார்கள். முதல் உழவன்றே வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள் வந்து கலப்பைக்குப் பின்னால் வரிசை கட்டின. மற்ற கொக்குகளைப் போலத் தண்ணீரை முறைத்துக்கொண்டு தவம் கிடக்கிற வேலை இவற்றுக்கு இல்லை. மாடு மேய்ந்தால் மாட்டின் பின்னால், டிராக்டர் ஓடினால் டிராக்டரின் பின்னால். கிளம்புகிற வெட்டுக்கிளியும் புரள்கிற புழுவும் அவற்றுக்கு விருந்து. டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, நான் எந்த வண்டி எடுத்தாலும் கூட்டம் ஏறுது" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார். கொக்கு என்று சொல்லமாட்டார். பயணிகள் என்றுதான் சொல்வார்.

பயணிகள் வருகிற வண்டி பளிச்சென்று இருக்க வேண்டாமா? டெப்போவில் அவர் பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். அங்கே மரத்தடியில் நிற்கும் வண்டி மேல் ராத்திரியெல்லாம் எச்சம் விழும். விடிந்ததும் ஈரத்துணியோடு, "நாசமாப் போற காக்காய்ங்களா!" என்று திட்டித் திட்டித் துடைப்பதுதான் அவருடைய முதல் வேலை. அந்தக் கை சும்மா இருக்குமா? துருப்பிடித்த டிராக்டருக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்தார். அது காயும் வரை பொறுமை இருந்ததா என்றால், இல்லை. மறுநாளே வயலில் இறக்கிவிட்டார். அவருடைய கால்சட்டையே அதற்குச் சாட்சி.

பிறகு கலப்பை பழுதுபார்க்கப் போனதில் உழவு சில வாரம் நின்றது. மறுபடி இறங்கிய அன்று வழக்கம்போலக் கொக்குகள் வந்தன. திரும்பிப் பார்த்த டிரைவர் பிரேக்கை மிதித்தார். தலையில் ஆரஞ்சு, மார்பில் ஆரஞ்சு, முதுகில் ஆரஞ்சு! சில மட்டும் வெள்ளையாகவே இருந்தன. அவை பெயின்ட் காயாத அன்றைக்கு வண்டியை ஒட்டி நடக்காத புத்திசாலிகள் என்று அவரே முடிவுகட்டினார். சக்கரத்தருகே வந்த ஒன்றை உற்றுப் பார்த்தார். மஞ்சளாக இருந்த அலகு சிவந்திருந்தது. காலும் சிவப்பு, கண்ணும் சிவப்பு. எஞ்சினை அணைத்துவிட்டார்.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, பாதியில நிறுத்திட்டீங்க?"

"பெயின்ட் ஒட்டி விஷம் ஏறிடுச்சு. கண்ணைப் பாரு."

"எனக்கென்னவோ நல்லாத்தான் தின்னுட்டு இருக்கிற மாதிரி தெரியுது."

"சாகப்போற உசுரு ஆசையாத்தான் தின்னும்."

"மழை வாசல்ல நிக்குது. நாளைக்குள்ள உழுது விதைக்கலேன்னா இந்த வருஷ விளைச்சல் போச்சு."

"போகட்டும். இந்த வண்டியை அதுங்க பக்கத்துல இனி கொண்டு போகமாட்டேன்."

ஒரு பயணிக்கும் கீறல் படாமல் ஓட்டி முடித்தவர் அவர். தன்னை நம்பிப் பின்னால் வந்தவற்றைத் தானே கெடுத்துவிட்டோமே என்ற நினைப்பு அவரை உட்காரவிடவில்லை. கொக்குகள் கூடு திரும்பக் கிளம்பிய மாலையில், எண்ணெய்ப் புட்டியும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

"அதுங்க தங்குற இடத்துக்கே போய்த் துடைச்சு விட்டுடறேன்."

"கொக்கு தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். எண்ணெயோட கிளம்பின ஆளை இப்பத்தான் பாக்கிறேன்!" என்றாள். என்றாலும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கொக்குகள் மேலே, ஸ்கூட்டர் கீழே. அவள் அண்ணாந்து பார்த்து, "லெஃப்ட்ல போங்க... இப்ப நேரா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாழ்நாளில் இப்படி ஒரு கண்டக்டர் அவருக்கு வாய்த்ததில்லை. பாலம் தாண்டி, சந்தை தாண்டி, கொக்குகள் இறங்கிய இடத்தைப் பார்த்ததும் டிரைவர் வாயைப் பிளந்தார். அவருடைய பழைய டெப்போ!

மரம் முழுக்க ஆரஞ்சுத் தலைகள். கிளைக்குக் கிளை கூடு. இவ்வளவு பறவைக்கும் பெயின்ட் பூச வேண்டுமானால் டிராக்டர் போதாது, ரயிலே வேண்டும்.

ட்யூட்டி முடித்து வந்த பழைய கண்டக்டர் கதையைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, இது கல்யாணக் கோலம்! இந்த சீசன்ல தலை, மாரு, முதுகெல்லாம் தானா ஆரஞ்சாகும். ஜோடி சேர்ற சமயத்துல கண்ணு, காலு, அலகு எல்லாம் செவக்கும். ஜோடி சேர்ந்ததும் அடங்கிடும். வருஷா வருஷம் நம்ம தலைக்கு மேலதானே நடக்குது? நீங்க குனிஞ்சு கண்ணாடியையே தேய்ச்சீங்க. நான் பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு மேல பாத்தேன்."

"அப்போ, அந்தக் காக்காய்ங்க..."

"காக்காயாவது ஒண்ணாவது. எல்லாம் இதுங்க வேலைதான்."

மேலே ஒரு ஆண் குச்சியோடு வந்து நின்றது. பெண் அதை வாங்கி, இழுத்துப் பார்த்து, கூட்டில் செருகியது. "ஊசி இல்லாம என்ன தையல் பாருங்க!" என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள். அப்போது பொத்தென்று அவர் தோளில் எச்சம் விழுந்தது. எத்தனையோ வருஷம் திட்டிய வாய் வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. பாவி, இவர்களையா நான் வைதேன் என்று இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக வயலில் ஹாரன் கேட்டது. மணக்கோலத்தில் பயணிகள் வந்து சேர்ந்தார்கள். உழவு முடிந்து, விதையும் விழுந்து, கடைசி மூலையில் வண்டி நின்றபோது, துணிச்சல்காரக் கொக்கு ஒன்று பானெட்டில் ஏறி உட்கார்ந்தது. போகும்போது புதுப் பெயின்ட் மேல் வெள்ளையாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது. புருஷனின் குணம் தெரிந்த மனைவி ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

டிரைவர் துணியை வாங்கித் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதைத் துடைக்காதே. டிக்கெட் வாங்கிட்டுத்தான் போயிருக்கு" என்றார்.

முதல் தூறல் விழுந்தது. அவர் பானெட்டின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.